பழுது பார்த்த பிறகும் கூலண்ட் குறைகிறதா? ஒழுக்கைப் பிடிக்கும் முறை, படிப்படியாக

காருக்குப் புது வோட்டர் பம்ப் போட்டாயிற்று, காசும் கொடுத்தாயிற்று. நாலாம் நாள் காலை பொனற்றைத் திறந்தால் ரிசேர்வ் போத்தலில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிராக்கும் நிறத் தண்ணீர், அடிக்கோட்டுக்குக் கீழே நிற்கிறது. திரும்பக் கொண்டுபோனால், "அண்ணை, பம்ப் புதுசு, அதிலை ஒழுகாது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். பம்பில் ஒழுகவில்லை. ஆனால் எங்கேயோ ஒழுகுகிறது.

எங்கள் 110 கொரோலாவில் இதுதான் நடந்தது. பம்பிற்குப் பிறகு ரேடியேற்றர் மூடியை மாற்றினோம், மூடிக்குப் பிறகு ரேடியேற்றரை மாற்றினோம். மூன்றும் புதிது, ஒழுக்கு மட்டும் பழையது. கடைசியில் பிடிபட்டது, பம்பின் பின்பக்கம் வந்து சேரும் இரும்புக் குழாயின் ஓ-றிங், அதாவது இணைப்பை அடைக்கும் றப்பர் வளையம். பம்பை மாற்றிய அன்று பழைய றிங்கையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கையில் எடுத்தபோது அது றப்பராக வளையவில்லை, பொரித்த அப்பளம்போல் நொறுங்கியது. சில நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அதன் பிறகு அயலில் சில கார்களுக்கு இதே தேடலைச் செய்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: தேடி முடிக்கும் முன்னரே சாமான் வாங்கிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படி பொய் சொல்லும்.

1. எதைக் கழற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள்

ஒழுக்கு பழுது பார்த்த பிறகு தொடங்கியதென்றால், மாற்றிய பாகத்தை விட, அந்தப் பாகத்தை எட்டுவதற்காகக் கழற்றிய பாகங்கள் மீதுதான் முதல் சந்தேகம் போக வேண்டும். பத்து வருடம் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்த றப்பர்க் குழாயை, அதாவது ஹோஸை, இழுத்தெடுத்துத் திரும்பச் செருகினால் அது பழையபடி இருக்காது.

மெக்கானிக்கிடம் கேட்கவேண்டியவை நாலு. எந்தெந்த ஹோஸ் கழற்றினீர்கள்? பழைய தண்ணீரைக் கீழே உள்ள வடிகால் திருகைத் திறந்து விட்டீர்களா, அல்லது கீழ் ஹோஸை இழுத்து விட்டீர்களா? காஸ்கெற் (இரு பாகம் சேரும் இடத்தில் வைக்கும் அடைப்பு), ஓ-றிங் எல்லாம் புதிதா? சிலிக்கோன் பசை எங்கே பூசினீர்கள்? "எங்கே பிழை விட்டீங்கள்?" என்று தொடங்கினால் ஒரு பதிலும் வராது. "தம்பி, நானும் கொஞ்சம் பார்க்கிறன், எது எது கழற்றினனீர் எண்டு சொல்லும்" என்றால் எல்லாம் வரும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பதற்கு முன் எவ்வளவு குறைந்தது, இப்போது எவ்வளவு குறைகிறது? இரண்டும் ஒரே அளவு என்றால், முதல் நாளே இடத்தைப் பிழையாகப் பிடித்திருக்கிறார்கள். முன்பு ஒழுகாமல் இப்போது ஒழுகுகிறது என்றாலோ, ஒழுகும் பக்கம் மாறியிருந்தாலோ, கை வைத்த இடத்தில்தான் கோளாறு. தேடலைத் தொடங்கும் முனை இதைப் பொறுத்தது.

2. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல வெளிச்சம் தரும் டோர்ச் ஒன்று. பல் வைத்தியரிடம் இருப்பதுபோன்ற சிறு கண்ணாடி, அல்லது பின்பக்கம் நுழைத்துப் படம் எடுக்க உங்கள் கைபேசி. பெரிய காட்போட் மட்டை: குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டை என்றால் இன்னும் நல்லது. வெள்ளைக் கடதாசித் துவாய், மார்க்கர் பேனா, லீற்றர் கோடு போட்ட ஜக்.

கூலண்ட் சிஸ்ரத்துக்குக் காற்றடித்துப் பார்க்கும் கைப்பம்பு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரேடியேற்றர் மூடியின் இடத்தில் பூட்டும் அடைப்பான், மீற்றர், சிறு பம்பு, இவ்வளவுதான் அது. ஓரளவு பெரிய கராஜ்களில் இருக்கும். வாங்கத் தேவையில்லை, ஒரு மணித்தியாலம் இரவல் கேளுங்கள்.

நிரப்புவதற்கு உங்கள் காரின் கைநூல் சொல்லும் கூலண்ட். செறிவானதாக வாங்கினால் கலப்பதற்கு பற்றரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்தது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நம் கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துவிட்டால் அலுமினியத்தை அரிக்கும். தேடும் நாட்களில் மட்டும் கிணற்றுத் தண்ணீர் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு வேறொரு காரணமும் சொல்லலாம்: நிறமில்லாத தண்ணீர் காய்ந்தால் தடம் தெரியாது. கூலண்டின் நிறம்தான் நமக்கு உளவாளி.

காருக்குக் கீழே போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவேண்டாம். தாங்கிக் கட்டைகள் வைத்து, சில்லுக்கு அடை கொடுத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

3. கீழே விழுவது கூலண்ட்தானா என்று பாருங்கள்

சிரிக்க வேண்டாம். நான் பார்க்கப் போன ஒரு விட்ஸ் காரில் ஒழுகியது ஏசித் தண்ணீர். நம் புழுக்கத்தில் ஏசி போட்டு வந்து நிறுத்தினால் முன் பயணி இருக்கைப் பக்கத்தில் ஒரு சிறு குளமே கட்டும். அது நிறமற்றது, மணமற்றது, விரலில் வழுக்காது. கூலண்ட் சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் வழுக்கும், இனிப்பான மணம் வரும். கடதாசித் துவாயில் ஒற்றினால் நிறம் உடனே தெரியும்.

நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்பு என்பதால் நாயும் பூனையும் நக்கும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும். முற்றத்தில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கிணற்றடிப் பக்கம் ஓடவிடாமல்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சினுக்கு ஒரு கூலண்ட் சுற்று, மின்மோட்டருக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டருக்கு இன்னொரு சுற்று. போத்தலும் இரண்டு. எது குறைகிறது என்று முதலில் பிரித்தறியுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்க வேண்டாம்.

4. மூன்று காலைகள் அளந்து பாருங்கள்

இந்தப் படியைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் போனால், ஒழுக்கே இல்லாத காரில் ஒழுக்குத் தேடும் ஆபத்து உண்டு.

தண்ணீரை முழுதாக இறக்கி நிரப்பிய கார் எதிலும் கொஞ்சம் காற்று உள்ளே சிக்கியிருக்கும். எஞ்சின் சூடாகிக் குளிரும்போது அந்தக் காற்று வெளியேறி, அதன் இடத்துக்குப் போத்தலிலிருந்து தண்ணீர் போகும். ஆகவே முதல் இரண்டு மூன்று ஓட்டங்களில் மட்டம் இறங்குவது இயல்பு. அப்புறம் நின்றுவிட வேண்டும்.

செய்யவேண்டியது இதுதான். காலையில், எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேற்றர் மூடியைத் திறந்து வாய் வரை நிரப்புங்கள். போத்தலை மேல்கோடு வரை நிரப்பி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். வழக்கம்போல ஓடுங்கள். அடுத்த மூன்று காலைகளும் அதே நேரம், அதே சமதரையில் நிறுத்தி, மீண்டும் கோடு வரை ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை ஜக்கில் அளந்து எழுதுங்கள்.

முதல் நாள் 300 மில்லிலீற்றர், இரண்டாம் நாள் 100, மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை என்றால் அது காற்று. வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். மூன்று நாளும் ஒரே அளவு போனால் ஒழுக்கு. போத்தலில் மட்டம் அப்படியே இருக்க, ரேடியேற்றரின் வாயில் மட்டும் தண்ணீர் இறங்கியிருந்தால் அது வேறு கதை. மூடியோ போத்தலுக்குப் போகும் சிறு குழாயோ உறிஞ்சவில்லை என்று அர்த்தம். 9ஆம் படிக்குப் போங்கள்.

5. கழுவிக் காயவிடுங்கள்

பழைய தடங்களின் மேல் புதிய ஒழுக்கைத் தேட முடியாது. பழுது பார்த்த அன்று சிந்திய கூலண்ட் எஞ்சினின் மடிப்புகளில் தேங்கி, ஒரு கிழமைக்கும் சொட்டும். அதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள்.

எஞ்சினின் கீழ் உள்ள பிளாஸ்ரிக் தட்டைக் கழற்றுங்கள். ஒழுகிய தண்ணீர் அந்தத் தட்டில் ஓடி எங்கோ ஒரு துளையால் விழும். விழும் இடத்துக்கும் ஒழுகும் இடத்துக்கும் அப்போது ஒரு தொடர்பும் இருக்காது. பிறகு குளிர்ந்த எஞ்சினை ஈரத்துணியாலும் சிறு தூரிகையாலும் துடையுங்கள். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீர் வேண்டாம். வயர் சொக்கெற்றுகளுக்குள் தண்ணீர் போனால் இன்னொரு தேடல் தொடங்கும்.

துடைக்கும்போதே கண் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கூலண்ட் வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் ஒட்டியிருக்கும். சூடான எஞ்சினில் சிறிய ஒழுக்கு கீழே விழும் முன்னரே ஆவியாகிவிடும். மிஞ்சுவது இந்தப் பூப்பு மட்டும்தான். துடைக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.

6. குளிர்ந்த எஞ்சினில் காற்றழுத்தம் கொடுங்கள்

ஓடும் எஞ்சினில் தேடுவதை விட இது பத்து மடங்கு எளிது. மின்விசிறி சுற்றாது, பெல்ட் ஓடாது, கை சுடாது, ஒழுகியது ஆவியாகவும் போகாது.

ரேடியேற்றர் மூடியில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். நம்மூரில் ஓடும் ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 இருக்கும். ஏறக்குறைய 13 அல்லது 16 பி.எஸ்.ஐ. அந்த அளவு வரைதான் அடிக்க வேண்டும். "கொஞ்சம் கூட்டி அடிச்சால் கெதியாத் தெரியும்" என்று அடித்து, பழைய ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தலையைப் பிளந்தவரைப் பார்த்திருக்கிறேன். இருந்த ஒழுக்கோடு இன்னொன்றும் சேர்ந்தது.

அடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். முள் அசையவில்லை என்றால் குளிரில் ஒழுக்கு இல்லை. முள் இறங்கினால் முதலில் கைப்பம்பு பூட்டிய வாயையே பாருங்கள், அங்கே காற்றுப் போவதைத்தான் பலர் எஞ்சின் ஒழுக்கு என்று நினைக்கிறார்கள். அங்கே ஈரமில்லை என்றால் டோர்ச்சோடு கீழே இறங்குங்கள்.

நேரம் முக்கியம். இதை விடியற்காலையில் செய்யுங்கள். றப்பர், பிளாஸ்ரிக், அலுமினியம் மூன்றும் சூட்டில் விரியும் அளவு வேறு வேறு. ஓடிச் சூடானபோது இறுகி மூடிக்கொள்ளும் இணைப்பு, இரவில் சுருங்கி வாய் திறக்கும். எங்கள் கொரோலா கராஜில் ஒருநாளும் ஒழுகியதில்லை, ஏனென்றால் அங்கே போகும்போதெல்லாம் அது சூடாக இருந்தது. மார்கழிப் பனியில் வீட்டு வாசலில்தான் ஒழுகியது.

கைப்பம்பு கிடைக்காவிட்டால், காரை ஓடிச் சூடாக்கி, விசிறி ஒருமுறை சுற்றி நின்ற பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த பத்து, இருபது நிமிடங்கள் பாருங்கள். தண்ணீர் ஓட்டம் நின்று சூடு தேங்குவதால் அழுத்தம் அந்த நேரம் கூடும். கார்த் திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுற்றும்.

7. மேலிருந்து கீழே, முன்னிருந்து பின்னே

தண்ணீர் கீழ்நோக்கி ஓடும். ஓடும் காரில் காற்று அதைப் பின்னே தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடம் முடிவு, தொடக்கமல்ல. ஈரமாக உள்ள இடங்களில் மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பது எதுவோ அதைத் தேடுங்கள். காட்போட் மட்டையைக் கீழே விரித்து, முன்சில்லுகள் நிற்கும் இடத்தையும் அதில் கீறிவையுங்கள். காலையில் எந்தப் பக்கம், எத்தனை புள்ளி என்று ஒரு வரைபடமே கிடைக்கும். பின்னர் கராஜில் பேசுவதற்கும் அந்த மட்டைதான் சாட்சி.

நான் பார்க்கும் ஒழுங்கு இது.

முதலில் வடிகால் திருகு. ரேடியேற்றரின் அடியில் இருக்கும் அந்தப் பிளாஸ்ரிக் திருகு பல வருடம் அசையாமல் கிடந்து, பழுது பார்த்த அன்றுதான் திறக்கப்பட்டிருக்கும். உள்ளே உள்ள சிறு றப்பர் இறுகிப்போயிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. மேலும் இறுக்கினால் திருகு உடையும். அயலில் ஒருவர் இதற்காக முழு ரேடியேற்றரையே மாற்ற இருந்தார்.

அடுத்தது ஹோஸ் முனைகள். ஒவ்வொரு முனையிலும் கழுத்தில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். மேட்டின் மீதே உட்கார்ந்திருந்தால் சூடாகும்போது நழுவும். கார் வரும்போது இருந்தது வில் கிளிப். றப்பர் சுருங்கினால் தானும் சுருங்கிப் பிடிக்கும். அதை எறிந்துவிட்டுத் திருகுக் கிளிப் போடுவது நம்மூர் வழக்கம். திருகுக் கிளிப் கூடாது என்றில்லை, ஆனால் அது தானாகச் சுருங்காது. பயத்தில் அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் றப்பரை வெட்டும். பழைய கிளிப் பதிந்த தடம் ஹோஸில் இருக்கும், அந்தத் தடத்திலேயே புதியதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸ் போய்ச் சேரும் கழுத்தையும் பாருங்கள். ரேடியேற்றரின் மேல்தலை பிளாஸ்ரிக். புதிதில் கறுப்பாக இருக்கும், வயது போகப்போக மண்ணிறமாகும், அப்போது நொய்ந்துவிடும். ஒட்டிப்போன ஹோஸை ஸ்குறூ டிரைவரால் நெம்பி எடுத்திருந்தால் கழுத்தின் அடியில் மயிரிழை வெடிப்பு வந்திருக்கும். வெளியே தெரியாது, ஹோஸைக் கழற்றி நகத்தால் வருடினால் தட்டுப்படும். பிளாஸ்ரிக் தலையும் அலுமினியமும் சேரும் மடிப்பு நெடுகவும் கடதாசித் துவாயை ஒற்றிப் பாருங்கள்.

அடுத்து, எஞ்சின் சூடானதும் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தேர்மோஸ்டற்றின் மூடி. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு றப்பர் வளையம் வரும். மூடும்போது வளையம் ஒரு பக்கம் நழுவி மடிந்தால் இரண்டு போல்ட்டையும் சரியாக இறுக்கியும் ஒழுகும். மூடி உட்காரும் உலோகப் பரப்பு அரித்துக் குழி விழுந்திருந்தாலும் அப்படியே. தேர்மோஸ்டற்றில் சிறு ஊசித் துளை இருந்தால் அது மேலே பார்த்து நிற்க வேண்டும். ஒழுக்குக்காக அல்ல, காற்று போவதற்காக.

இப்போதுதான் வோட்டர் பம்ப். அதன் அடியில் சிறிய துளை ஒன்று வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உள்ளே சீல் போனால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகாமல் அந்தத் துளையால் வெளியே வரும். புதிய பம்பில் முதல் நாள் ஒன்றிரண்டு துளி வருவது சீல் படிவதால், அதற்குப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து வந்தால் பம்ப் பழுது, புதிதாக இருந்தாலும். துளை காய்ந்திருந்து, பம்பும் எஞ்சினும் சேரும் விளிம்பு ஈரமென்றால் காஸ்கெற். பழைய காஸ்கெற்றை முழுதாகச் சுரண்டாமல் புதியதை வைத்திருப்பார்கள். விளிம்பும் காய்ந்திருந்தால் பம்பின் பின்பக்கம் சேரும் குழாய். கண்ணாடி இல்லாமல் அங்கே பார்க்க முடியாது. எல்லோரும் விட்டுவிடுவதும் அதனால்தான்.

கடைசியாக, யாரும் நினைக்காத சிறு குழாய்கள். பல எஞ்சின்களில் எஞ்சினுக்குள் காற்றை விடும் திரொட்டில் பொடிக்குப் போகும் விரல் தடிப்பு ஹோஸ்கள் இரண்டு இருக்கும். மேலே வேறு வேலை செய்யும்போது கை பட்டு நழுவும். எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஹீற்றர் ஹோஸ்கள் இரண்டு நுழையும். நமக்கு ஹீற்றர் எதற்கு என்று அவற்றை ஒன்றோடொன்று வளைத்துப் பூட்டிய கார்களும் உண்டு. வளைவு நெரிந்த இடத்தில் வெடிக்கும்.

8. சூடாக்கி மறுபடி பாருங்கள்

குளிரில் ஒன்றும் தெரியாவிட்டால் மட்டும் இந்தப் படி. சில வெடிப்புகள் சூட்டில்தான் திறக்கும். எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுற்றும் வரை வைத்து, தள்ளி நின்று டோர்ச் அடித்துப் பாருங்கள். தளர்ந்த உடை, துவாய், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெல்ட்டின் அருகே ஒழுகினால் சுழற்சி தண்ணீரை ஒரு வட்டக் கோடாக விசிறியடித்திருக்கும். பொனற்றின் அடிப்புறத்தில் அந்தக் கோடு தெரிந்தால் நேர் கீழே பாருங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டு மெல்லத் திறக்கலாம் என்பார்கள். அடைத்து வைத்த அழுத்தம்தான் உள்ளே இருப்பதைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது. திறந்த கணமே அது கொதித்து முகத்துக்கு எழும்பும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், அதுவரை காத்திருங்கள்.

9. ஒரு துளியும் விழவில்லை, ஆனால் குறைகிறது

மூடியில் தொடங்குங்கள். மலிவு அதுதான். அதன் வில் தளர்ந்தால் அழுத்தம் ஏறும் முன்னரே தண்ணீரைப் போத்தலுக்குத் தள்ளி, போத்தல் நிரம்பி வழியும். நடுவில் உள்ள சிறு வால்வு ஒட்டிப்போனால் குளிரும்போது திரும்ப உறிஞ்சாது, மேல் ஹோஸ் சப்பளிந்து கிடக்கும். மாற்றினால் அதே எண் அச்சிட்ட மூடியையே போடுங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸ்களுக்கு அது கூடுதல் சுமை.

அடுத்தது ஹீற்றர் உள்பாகம். பயணிப் பக்கக் கால்விரிப்பைத் தூக்கி அடியில் கையை வையுங்கள். பிசுபிசுப்பான ஈரம், உள்ளே இனிப்பு மணம், முன்கண்ணாடியில் துடைத்தும் போகாத மங்கல், இவை சேர்ந்தால் அதுதான்.

ஓட்டோ கியர் கார் என்றால் கியர் ஒயிலின் கம்பியை இழுத்துப் பாருங்கள். பல கார்களில் கியர் ஒயிலைக் குளிராக்கும் குழாய் ரேடியேற்றரின் கீழ்த்தலைக்குள்ளேயே இருக்கும். அது உடைந்தால் ஒயில் இளஞ்சிவப்புப் பாலாக மாறும். அப்படிக் கண்டால் காரை ஓடவே வேண்டாம், கியர் பெட்டி போய்விடும்.

இவை எல்லாம் சரியென்றால் ஹெட் காஸ்கெற், அதாவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அடைப்பு. இதன் பெயரைக் கேட்டதுமே வயிறு கலங்கும், சில கராஜ்களில் இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்கள். சோதித்துவிட்டு நம்புங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாகிறதா? இரவு முழுக்க நின்ற பிறகும் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வருகிறதா? மூடியைத் திறந்து வைத்துக் குளிரில் ஓடவிட்டால் வாயில் குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தமாதிரி வெள்ளையாக இருக்கிறதா? நீல நிறத் திரவம் உள்ள குழாயை ரேடியேற்றரின் வாயில் பொருத்தி, அங்குள்ள காற்றை அதனூடாக இழுக்கும் சோதனை ஒன்றும் உண்டு. புகை வாயு தண்ணீருக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகும். இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

10. இடம் பிடிபட்ட பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரி செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் ஒழுக்கு நிற்கலாம், எதனால் நின்றது என்பது தெரியாது. திரும்ப வந்தால் முதலாம் படிதான்.

காஸ்கெற் வைக்கும் இரு பரப்பும் விரல் நகத்துக்கு வழுவழுப்பாக இருக்கும் வரை துடையுங்கள். ஓ-றிங்குக்குச் சிலிக்கோன் பூசாதீர்கள், கூலண்டில் நனைத்துச் செருகினால் போதும். சிலிக்கோன் தேவைப்படும் இடத்தில் மெல்லிய நூலாகப் பூசி, பைக்கற்றில் உள்ள நேரம் வரை காயவிடுங்கள். பலவற்றுக்கு முழுதாக இறுக ஒரு நாள் வேண்டும். பூசிய அரை மணித்தியாலத்தில் தண்ணீர் விடுவதுதான் "புதுசாப் போட்டும் ஒழுகுது" என்பதற்கு நான் கண்ட பெரிய காரணங்களில் ஒன்று. அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து சுற்றில் ஓடும்.

ஒழுக்கை அடைக்கும் தூள், திரவம், அல்லது அந்தக் காலத்து மஞ்சள்தூள், இவை வழியில் நின்றுபோனவருக்கு வீடு வந்து சேர உதவலாம். தேடலுக்கு எதிரி. ஓட்டையை மட்டுமல்ல, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் ஹீற்றரையும் சேர்த்தே அடைக்கும்.

கராஜில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் படத்தையும் மட்டையையும் மூன்று நாள் கணக்கையும் கொண்டுபோங்கள். "ஒழுகுது" என்று சொன்னால் பம்பைப் பார்ப்பார்கள். "பம்புக்குப் பின்னால் குழாய் சேருற இடம், குளிரேக்கை, 15 நிமிசத்திலை முள்ளு இவ்வளவு இறங்குது" என்று சொன்னால் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

11. நிரப்பி, காற்றெடுத்து, ஓடிப் பார்ப்பது

காரின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். காற்று மேலே வர அது உதவும். ஹீற்றரைக் கடைசிச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் காற்று அடியில் சிக்கும். எஞ்சினை ஓடவிட்டு மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஹோஸ்களை இடையிடையே அமுக்கி விடுங்கள். தேர்மோஸ்டற் 80 பாகைக்குச் சற்று மேலே திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸ் சூடாகும். குமிழி நின்றதும் மூடுங்கள். எல்லாக் கார்களுக்கும் இந்த முறை ஒத்துவராது. காற்றெடுக்கத் தனித் திருகு உள்ளவையும் உண்டு, கைநூலைப் பாருங்கள்.

பிறகு குளிரவிட்டு, மறுநாள் காலை மீண்டும் காற்றழுத்தச் சோதனை. கீழ்த் தட்டை இன்னும் பூட்ட வேண்டாம். முதல் நாள் பருத்தித்துறை வரை போய் வாருங்கள், திரும்பியதும் மட்டையை விரியுங்கள். மூன்று காலைகள் அளவு அசையாமல் நின்ற பிறகு தட்டைப் பூட்டலாம்.

கொழும்புக்குப் போவதென்றால் அதற்குப் பிறகு. காரில் 2 லீற்றர் கலந்த கூலண்ட் இருக்கட்டும். மாங்குளம் தாண்டினால் ஓமந்தை வரை உதவி கிடைக்கத் தாமதமாகலாம். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எப்படியும் நிறுத்துவீர்கள். மற்றவர்கள் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தில் பொனற்றைத் திறந்து போத்தலின் கோட்டை மட்டும் பாருங்கள். சூட்டில் மட்டம் காலைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கீழே நின்றால் அங்கேயே அரை மணித்தியாலம் இருந்து ஆறவிட்டு ஊற்றுங்கள், வவுனியா வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.